அம்பாசிடர் காருக்கு உள்ளே

"கதவை மெதுவா சாத்துங்க தம்பி. பலமா சாத்தினா கைப்பிடி கையோட வந்திடும்."

எங்கள் தெருவில் டாக்ஸி ஓட்டும் அண்ணன் இப்படிச் சொன்னார். அவரிடம் இருப்பது பழைய அம்பாசிடர் கார். எங்கள் ஊர் போர்ட் பிளேர். 2024-ல் இந்த ஊருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். அண்ணன் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. என் வாயிலும் அப்படித்தான்.

அம்பாசிடரை உங்களுக்குத் தெரியும். இங்கிலாந்து நாட்டின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை வைத்து இதை உருவாக்கினார்கள். இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி இதைச் செய்தது. கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாடா என்ற ஊரில் தொழிற்சாலை இருந்தது. 2014-ல் வேலை நின்றது. அதன் பிறகு புதிய வண்டி கிடையாது. இருப்பதைக் காப்பாற்ற வேண்டும்.

எஞ்சின் கெட்டால் உடனே மெக்கானிக்கிடம் போகிறோம். உள்ளே கைப்பிடி ஆடினால் "போகட்டும்" என்று விட்டுவிடுகிறோம். அண்ணனும் அப்படித்தான் விட்டார். ஒரு நாள் வளைவில் திரும்பும்போது பின்கதவு தானே திறந்துகொண்டது. உள்ளே ஒரு பாட்டி இருந்தார். முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டதால் தப்பினார். அன்று இரவு அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் சவாரிக்குப் போகாமல் கதவைக் கழற்ற உட்கார்ந்தார். நானும் கூட இருந்தேன்.

முதலில் கீலைப் பார்த்தார். கதவைத் திறந்து, அடியில் கை வைத்து மேலே தூக்கினார். கதவு ஏறி இறங்கியது. அப்படியானால் கீலில் உள்ள பின் தேய்ந்துவிட்டது. பின் தேய்ந்தால் கதவு தொங்கும். தொங்கினால் பூட்டின் நாக்கு சரியான இடத்தில் கவ்வாது. சாத்தியது போலத் தெரியும். ஆனால் பூட்டியிருக்காது. பூட்டை மட்டும் மாற்றி என்ன பயன்? முதலில் கீல் பின்னை மாற்ற வேண்டும். பிறகு தூணில் உள்ள பூட்டுத் தகட்டின் திருகைத் தளர்த்தி, இடம் பார்த்து இறுக்க வேண்டும்.

அடுத்தது கண்ணாடி ஏற்றும் கைப்பிடி. கண்ணாடியை முழுவதும் ஏற்றிவிட்டுத்தான் இதில் கை வைக்க வேண்டும். கைப்பிடியின் அடியில் ஒரு வட்டத் தகடு இருக்கும். அதை உள்ளே அழுத்தினால் ஒரு சிறிய பின் தெரியும். மெல்லிய ஆணியை வைத்துத் தட்டினால் பின் வெளியே வரும். சில வண்டிகளில் பின் இருக்காது. நடுவில் திருகு இருக்கும். பார்த்துச் செய்யுங்கள். இழுத்து உடைக்காதீர்கள்.

கைப்பிடிகளை எடுத்த பிறகு உள் அட்டையைக் கழற்றினோம். அடிப்பக்கம் ஊறி, ஊதி, அப்பளம் போல நொறுங்கியது. உள்ளே எப்படித் தண்ணீர் போனது? கண்ணாடி ஓரமாக மழை நீர் கதவுக்குள் இறங்கும். அது எல்லாக் காரிலும் இறங்கும். அது வெளியே போகக் கதவின் அடியில் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். அந்தத் துளைகளை மண் அடைத்திருந்தது. தண்ணீர் உள்ளேயே நின்றது. தகடு துருப்பிடித்தது.

நம் தீவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னை மழையைப் போல இரண்டு மடங்கு. கடல் காற்றில் உப்பு வேறு. அதனால் மழைக்காலத்துக்கு முன்னே ஒரு கம்பியால் அந்தத் துளைகளைக் குத்திவிடுங்கள். காசு செலவில்லாத வேலை. இதைப் போலப் பலன் தரும் வேலை வேறு இல்லை என்பேன்.

புதிய அட்டைக்கு மெல்லிய பிளைவுட் வெட்டினோம். இரண்டு பக்கமும் ஓரங்களிலும் பெயின்ட் அடித்தோம். ஓரத்தை விட்டால் தண்ணீர் அங்கேதான் ஏறும். அட்டைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டினோம்.

கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கை ஒரு துண்டுத் தாளால் சோதிக்கலாம். தாளை வைத்துக் கதவைச் சாத்துங்கள். பிறகு இழுங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் மழை புகும்.

சீட் வேலையைத் தையல்காரரிடம் கொடுத்தோம். அவரிடம் இரண்டு சொல்ல வேண்டும். ஸ்பிரிங்கின் மேல் சாக்குத் துணி போட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் பஞ்சை அறுத்துவிடும். ரெக்சினை நைலான் நூலால் தைக்க வேண்டும். பருத்தி நூல் இந்த ஈரத்தில் மட்கிப்போகும்.

மிதியடியைத் தூக்கித் தரையையும் பாருங்கள். திருப்புளியால் மெதுவாகக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் தகடு போய்விட்டது. அதை வெல்டிங் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். அதற்கு முன் சீட், மிதியடி எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் டாங்கி பின்னால் இருக்கிறது. அதன் பக்கத்தில் நெருப்பு வேலை என்றால் டாங்கியை இறக்காமல் யாரையும் தொட விடாதீர்கள்.

சாமான் வாங்குவது தனிக் கதை. பழைய சாமானுக்குச் சென்னையில் புதுப்பேட்டை பெயர் பெற்றது. அங்கே வாங்கிக் கப்பலில் போட்டால் இங்கே வர மூன்று நாள் ஆகும். தவறான சாமான் வந்தால் மறுபடியும் மூன்று நாள். அண்ணனுக்கு ஒரு தடவை அப்படி ஆனது. "அம்பாசிடர் கைப்பிடி" என்று மட்டும் போனில் சொன்னார். மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று எத்தனையோ மாடல் உண்டு. வந்தது பொருந்தவில்லை.

இந்தத் தடவை தாளில் எழுதினார். மாடல் பெயர், எந்தக் கதவு, எத்தனை வேண்டும் என்று எழுதினார். பழைய கைப்பிடியைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டார். துளையின் அகலத்தை அளந்து பக்கத்தில் எழுதினார். சென்னைக்குப் போகும் உறவினரிடம் தாளைக் கொடுத்தார்.

அடுத்த கப்பலில் பெட்டி வந்தது. நான்கு கைப்பிடியும் பொருந்தின. பின் மட்டும் மூன்றுதான் இருந்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே ஒரு ஆணியை அளவாக வெட்டினார்.

"இப்ப சாத்துங்க தம்பி" என்றார்.