உறங்கவிடாத கை கால்கள்

இரவு மணி இரண்டு. பக்கவாதம் கண்டு, சில நாட்களுக்கு முன்புதான் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதியவர் ஒருவர் கட்டிலில் படுத்திருக்கிறார். அவருடைய இடது காலும் கையும் அவரைக் கேட்காமலேயே உதறுகின்றன. வீட்டில் ஒருவருக்கும் தூக்கமில்லை. மறுநாள் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா? "இவர் கண்ணயர்ந்ததும் உதறல் நின்றுவிடுகிறதா, இல்லை, கண்ணயர்ந்த பிறகும் தொடர்கிறதா?"

எளிய கேள்விதான். ஆனால் எந்த மருந்தைக் கொடுப்பது என்பது பெரும்பாலும் இதன் விடையைப் பொறுத்தது.

நின்றுவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். நம் மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு சிறு நரம்பணுத் திரள்கள் உள்ளன. இருபுறமும் குவிந்த லென்ஸ் போன்ற வடிவம். அளவோ ஒரு பருப்பைப் போலத்தான். லூயிஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1865இல் இதனை விவரித்தார். தலாமஸ் என்னும் பகுதிக்குக் கீழே இருப்பதால் இதற்குச் சப்தலாமிக் உட்கரு என்று பெயர். சைக்கிளில் பிரேக்கை அழுத்தும் விரல்களைப் போல, வேண்டாத அசைவுகள் கிளம்பாதபடி இது பிடித்து வைக்கிறது. இதற்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய் அடைபட்டால் பிரேக் தளர்ந்துவிடும். உடலின் எதிர்ப்பக்கத்துக் கையும் காலும் பந்து எறிவதுபோல் வீசத் தொடங்கும். ஹெமிபாலிஸ்மஸ் என்ற பெயருக்கே 'பாதி உடலின் எறிதல்' என்றுதான் பொருள். 1927இல் பர்டன் மார்ட்டின் என்ற மருத்துவர் இந்நோயையும் லூயிஸ் கண்ட திரளையும் இணைத்துக் காட்டினார். வேறு சில பகுதிகள் பழுதுபட்டாலும் இவ்வீச்சு வரக்கூடும் என்பதைப் பின்னாளைய ஸ்கேன் படங்கள் காட்டின.

உறங்கிவிட்டால் இந்த வீச்சு பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் இப்படி வீசும் கையை வைத்துக்கொண்டு உறங்குவது எப்படி? அசைவைத் தூண்டும் டோபமின் என்ற வேதிப்பொருளைக் கட்டுப்படுத்துவதே வழி. ஹாலோபெரிடால் அதன் வேலையைத் தடுக்கிறது. டெட்ராபெனசின் அதன் சேமிப்பைக் குறைக்கிறது. பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ வீச்சு தானாகவே தணிவதும் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தாலும் இதே வீச்சு வருமாதலால், அதையும் சோதிப்பார்கள்.

இப்போது மற்ற வகை. நோயாளி நன்றாக உறங்குகிறார். கால் பெருவிரல் மேல்நோக்கி நிமிர்கிறது, கணுக்கால் மடங்குகிறது, சில வேளை முழங்காலும் மடங்குகிறது. 20 முதல் 40 விநாடிக்கு ஒருமுறை, கடிகாரம் வைத்தாற்போல் இது நடக்கும். அவருக்கோ ஒன்றும் தெரியாது. பகலில் காரணம் தெரியாமல் சோர்ந்திருப்பார். இவர்களில் பலர், மாலையானால் காலை அசைக்காமல் இருக்க முடியவில்லை என்றும் சொல்வார்கள். பக்கவாதத்துக்குப் பின் சிலருக்கு இது புதிதாகத் தோன்றுகிறது.

இங்கே மருத்துவர் தேடுவது இரும்பை! மூளை டோபமினைத் தயாரிக்க இரும்புச்சத்து தேவை. இரத்தச் சோதனையில் அது குறைவாக இருந்தால் ஈடுசெய்வார். கேபாபென்டின் போன்ற மருந்தும் தருவார். டோபமினைப் போல் வேலை செய்யும் மருந்துகள் முதலில் நன்றாகவே உதவும். ஆனால் ஆண்டுக்கணக்கில் உண்டால் தொல்லையை அவையே கூட்டக்கூடும்.

வேடிக்கையைக் கவனித்தீர்களா? முதல் வகையை அடக்கும் ஹாலோபெரிடாலை இவருக்குக் கொடுத்தால் கால் தொல்லை இன்னும் மோசமாகும்.

உறக்க ஆய்வுக்கூடத்தில் கெண்டைக்கால் முன்தசைமீது மின்வாய்களை ஒட்டி, இரவு முழுவதும் அசைவுகளைப் பதிவு செய்வார்கள். அவ்வசதி இல்லாத ஊரில், பேரனோ பேத்தியோ கைப்பேசியில் எடுத்துத் தரும் பத்து நிமிடப் படமும், தாத்தா எப்போது உறங்கினார் என்ற குறிப்பும் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.