எல்லைக் கணக்கு – 17: 5 ஹெக்டேர், 15 பேர்

போன வாரம் நிறுத்திய இடம்: 2020 மார்ச் கடைசி, கொரோனா ஊரடங்கு. தமிழ்நாட்டிலிருந்து கேரளத்து ஏலமலைக்கு ஏறும் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று பாதையும் அடைப்பு. ஏலத்தோட்டத்து ஜீப்புகள் வீட்டு வாசலில். மற்றதைப் பழைய இதழில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொரோனாவுக்கு ஒதுக்கிய அரசுப் பணம் கேரளத்துச் சக்குபள்ளம் மாதிரி ஒரு மலைப் பஞ்சாயத்துக்கு எந்த வழியாக வந்தது, ஏலக்காய் பறிக்க மலையேறிப் போன தமிழ்ப் பெண்களுக்கு அதில் ஏதாவது சேர்ந்ததா என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குத்தான் உட்கார்ந்தேன். குறுக்கே ஒரு சட்டம் வந்து படுத்துக்கொண்டது. ஆசிரியர் இலாகாவிலிருந்து போன் அடிக்கிறார்கள். எனக்கோ அதைத் தாண்ட மனமில்லை.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனா, ஏலம் பயிராகும் தோட்டங்களுக்கானது; 2025 வரை நடப்பில் இருந்தது. தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்து தருவது முதலாளியின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொன்னது. இது பலருக்கும் தெரியும். அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவைத்தான் நான் கவனித்துப் படித்ததில்லை. முதலாளி வசதி செய்யவில்லையா? தலைமை ஆய்வாளரே அந்தத் தோட்டத்தில் அதை ஏற்பாடு செய்யலாம். செலவை முதலாளியிடம் வசூலிக்கலாம் என்றது அது. அரசு முன்பணம் போடும், பில் எஸ்டேட்டுக்குப் போகும். பெருந்தொற்று நாளில் இதைவிடக் கச்சிதமான வழி ஒன்று இருந்ததா? புது நிதி, புதுத் திட்டம், புதுப் பெயர்ப்பலகை எதுவும் வேண்டாம். அப்போதே எழுபது வருடமாகச் சட்டப் புத்தகத்தில் கிடந்தது.

ஆனால் அந்தச் சட்டத்துக்கு ஒரு வாசல் இருந்தது. தோட்டம் குறைந்தது 5 ஹெக்டேர் இருக்க வேண்டியிருந்தது. 15 பேராவது வேலை பார்க்க வேண்டியிருந்தது. முதலில் இந்த வாசல் இன்னும் குறுகல்: 10.117 ஹெக்டேர், அதாவது சரியாக 25 ஏக்கர், 30 பேர். 1981 திருத்தத்தில்தான் பாதியாகக் குறைத்தார்கள். பெரிய தோட்டத்தைத் துண்டுபோட்டு, அண்ணன் பேரில் கொஞ்சம் மைத்துனர் பேரில் கொஞ்சம் என்று எழுதிவிட்டால்? அதையும் யோசித்திருக்கிறார்கள். வரம்புக்குக் கீழே இருக்கும் நிலத்துக்கும் மாநில அரசு நினைத்தால் சட்டத்தை நீட்டலாம் என்று இருந்தது. ஆனால் 1981 திருத்தம் வருவதற்கு முன்பே சிறியதாக இருந்த நிலத்தைத் தொடக்கூடாது. பிற்பாடு சுருங்கியதை மட்டும் பிடிக்கலாம். எழுதிய அதிகாரி ஏதோ ஒரு மலைச்சரிவில் நின்று பார்த்தவர் என்றே எனக்குப் படுகிறது.

இன்னொரு வேடிக்கை. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஒரு நடுத்தர அளவுக் குடும்பம் அதிகபட்சம் 15 ஏக்கர்வரை வைத்துக்கொள்ளலாம். ஏலத்தோட்டம் ‘தோட்டம்’ என்ற வகையில் சேர்வதால் அதற்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு உண்டு. ஆக, உச்சவரம்புக்குத் தோட்டமாக நிற்கும் மண்ணையும், தொழிலாளர் சட்டம் அளவு பார்த்துத்தான் தோட்டமென்று ஏற்றது. 5 ஹெக்டேர் என்பது பன்னிரண்டரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. சக்குபள்ளம், ஆனைக்கரை, வண்டன்மேடு சுற்றிலும் சிறு விவசாயிகளின் ஏலக்காடு நிறைய. பலவும் அந்த அளவை எட்டாதவை. சிறு விவசாயியைக் குறை சொல்லவில்லை. நாலு ஏக்கர்க்காரர் மருந்தகம் கட்ட முடியாது. அப்போது அங்கே காய் எடுப்பவளுக்கு மருத்துவம் யார் பொறுப்பு என்ற இடத்தில் சட்டம் வாயை மூடிக்கொண்டது.

காய் எடுப்பு எப்படிப்பட்ட வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏலம் செடியின் தலையில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து தரையோடு ஓடும் சரத்தில் காய்க்கும். ஈரத்தில் குத்தவைத்துக் குனிந்தே பறிக்க வேண்டும். 2019 ஆகஸ்ட்டில் கேரளத்துப் புற்றடி ஏல விற்பனையில் இந்தக் காய் கிலோ அதிகபட்சம் 7,000 ரூபாய்க்குப் போனது. எட்டு மாதம் கழித்து, பறித்த கைகள் எல்லைக்கு இந்தப் பக்கம் சும்மா இருந்தன.

சரி, பணத்துக்கு வருகிறேன். கேரளத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் பஞ்சாயத்தின் பொறுப்பில் இருக்கிறது. 1990களின் நடுவில் கைமாறியது. ஊரடங்கின் முதல் வாரத்திலேயே சமூகச் சமையலறை, ஜூலையில் முதல்நிலைச் சிகிச்சை மையம் என்று பஞ்சாயத்துகள் ஓடியது நிஜம், மெச்சவும் வேண்டும். ஆனால் பஞ்சாயத்துக்கு வரும் திட்டப் பணம் பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கை வைத்து வருகிறது. அந்தக் கணக்கெடுப்பு நீங்கள் ராத்திரி எங்கே படுக்கிறீர்கள் என்றுதான் கேட்கும், பகலில் எங்கே குனிகிறீர்கள் என்று கேட்காது. காலையில் தமிழ்நாட்டுப் பக்கம் கம்பத்தில் ஜீப் ஏறி, சாயங்காலம் திரும்பிவிடும் பெண் சக்குபள்ளத்தின் தலைக்கணக்கில் இல்லை.

தமிழ்நாட்டுக் கணக்கில் இருக்கிறாள். இங்கே 2021 ஆகஸ்ட்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை. வீட்டுக்கு வருகிறவர் பகலில் வருவார். அவளோ பகலில் மலைமேல். இதைச் சொன்னபோது கூடலூர்க்கார அக்கா ஒருவர் சிரித்தார்: “எங்க மாமியாளுக்கு ரெண்டு பங்கு மாத்திர கெடைக்கும் சார்.” 2024இல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று வேலையிடத்துக்கே போகும் திட்டமும் தொடங்கினார்கள். நல்ல யோசனை. ஆனால் இவள் வேலையிடம் இன்னொரு மாநிலத்தில் இருக்கிறதே!

உலகத்தில் வேறு யாருமே இந்தச் சிக்கலை அவிழ்க்கவில்லையா என்று தேடினால் அமெரிக்காவில் போய் நின்றேன். 1960இல், நன்றி நவிலல் பண்டிகைக்கு மறுநாள், அந்நாட்டு மக்கள் வான்கோழி விருந்து தின்று முடித்த நேரமாகப் பார்த்து, எட்வர்ட் முர்ரோ என்ற செய்தியாளர் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒரு படம் காட்டினார். அந்த விருந்துக்குக் காய்கறி பறித்த, ஊர் ஊராக அலையும் கூலிகளின் வாழ்க்கை அது. ஒரு தேசம் தன் தட்டைக் குனிந்து பார்த்தது. 1962 செப்டம்பரில் கென்னடி புலம்பெயர் நலவாழ்வுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி வந்த மருத்துவ மையங்களுக்குப் பணம் விலாசத்தை வைத்து அல்ல, பயிர்வேலை செய்கிறவர் என்ற தகுதியை வைத்துப் போகிறது. 2021 மார்ச்சில் அதே நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம், கொரோனா காட்டிக்கொடுத்த ஏற்றத்தாழ்வைக் குறைக்க 225 கோடி டாலர் அறிவித்தது. மாகாண, உள்ளூர் சுகாதாரத் துறைகளுக்கான மானியம் அது. மறுபடி எல்லை பிரித்துத்தான். எனக்கு 1962தான் பிடித்திருக்கிறது.

நம் ஊரில் 2020 செப்டம்பரில், தொற்றின் முதல் அலை உச்சத்தில் இருந்தபோது, நாடாளுமன்றம் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. தோட்டச் சட்டம் அவற்றில் ஒன்றுக்குள் கரைந்தது; 2025இல் அது நடைமுறைக்கு வரும்வரை பழைய சட்டமே நின்றது. இன்னொன்று, முதலாளி விரும்பினால் தோட்டத்தையும் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குள் கொண்டுவரலாம் என்கிறது. ‘விரும்பினால்’ என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.

பக்கம் முடிந்துவிட்டது. 2021 ஜூலையில் மத்திய அமைச்சரவை கொரோனாவுக்கென ஒப்புக்கொண்ட 23,123 கோடி ரூபாய், பதினைந்தாவது நிதிக்குழு உள்ளாட்சிகள் வழியாக நலவாழ்வுக்கு எழுதிவைத்த 70,051 கோடி ரூபாய், இரண்டும் அடுத்த வாரம், கட்டாயம். அதற்குள் ஒரு வேண்டுகோள்: 10(2)இன்படி ஆய்வாளரே அமைத்து, முதலாளியிடம் பணம் வசூலித்த மருந்தகம் எந்த மலையிலாவது இருந்ததைப் பார்த்தவர்கள் எழுதுங்கள். 2020-21இல் கங்காணியாக இருந்து ஆள்பேர் நோட்டைப் பத்திரமாக வைத்திருப்பவர்களும் எழுதுங்கள். தபால் செலவு நம்முடையது.