சிமிண்டு மூட்டையில் ஒரு தீவு

வீடு கட்டுகிற இடத்தில் அடுக்கி வைத்திருக்கும் சிமிண்டு மூட்டையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று என்றைக்காவது படித்துப் பார்த்திருக்கிறீர்களா? கம்பெனி எதுவானாலும் சரி, 'போர்ட்லாந்து' என்ற வார்த்தை அநேகமாக இருக்கும். அது முதலாளியின் பெயர் அல்ல. இங்கிலாந்தில் ஓர் இடத்தின் பெயர்!

இங்கிலாந்தின் தென் கரையில் டார்ஸெட் என்று ஒரு ஜில்லா. அங்கே வேமத் பட்டணத்துக்குத் தெற்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது போர்ட்லாந்து. நீளம் சுமார் 4 மைல்; அகலம் 2 மைல்கூட இல்லை. 'தீவு' என்றுதான் பெயர். ஆனால் நான்கு பக்கமும் தண்ணீர் இல்லை. செஸில் என்ற கூழாங்கல் திட்டு அதை நிலத்தோடு பிணைத்து வைத்திருக்கிறது. இந்தத் திட்டு 18 மைல் நீளம். மேற்குக் கோடியில் பட்டாணி அளவில் இருக்கும் கற்கள், போர்ட்லாந்தை நெருங்க நெருங்க உருளைக்கிழங்கு அளவுக்குப் பெருத்துவிடுகின்றன. இருட்டில் கரை சேரும் மீனவர்கள் கல்லைத் தடவிப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடுவார்களாம்!

'போர்ட்' என்றால் துறைமுகம்; 'லாந்து' என்றால் நிலம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்தில் வருகிற அதே 'லாந்து'தான்.

இங்கே வெட்டி எடுக்கும் வெண்மையான சுண்ணாம்புக் கல்லுக்கு மவுசு அதிகம். 1666-இல் லண்டன் தீப்பற்றி எரிந்த பிறகு, ஸெயின்ட் பால் தேவாலயத்தை ரென் என்ற சிற்பி இந்தக் கல்லால்தான் எழுப்பினார். அப்புறம் கேட்பானேன்!

1824-இல் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோஸப் ஆஸ்ப்டின், சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டுப் பொடியாக்கி, அதற்கு உரிமைப் பத்திரம் வாங்கினார். தண்ணீர் விட்டுக் குழைத்தால் அந்தப் பொடி போர்ட்லாந்துக் கல்லைப் போல இறுகியது. உடனே அந்தப் பெயரையே சூட்டிவிட்டார். மற்றபடி தீவுக்கும் பொடிக்கும் சம்பந்தமே கிடையாது. கவரிங் வளையலுக்குத் தங்கத்தின் பெயரைச் சொல்லி விற்பது போலத்தான். கெட்டிக்காரக் கொத்தனார்!

ஊரார் பெயரை உலகமெல்லாம் சொல்ல, போர்ட்லாந்துக்காரர்கள் மட்டும் ஒரு வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். அது 'முயல்'! பாறை சரியும் சமயம் முயல்கள் வளையை விட்டு வெளியே ஓடி வருமாம். அதனால் கல் வெட்டும் இடத்தில் முயலைக் கண்டால் தொழிலாளிகள் வேலையை நிறுத்திவிட்டு வீடு திரும்பிவிடுவார்கள். கல்லுக்கு அடியில் உயிரை வைத்துப் பிழைத்தவர்கள், பயம் இராதா? பேசித்தான் ஆகவேண்டும் என்றால் 'நீளக் காது' என்று சொல்லிச் சமாளிப்பார்கள். 2005-இல் முயலைப் பற்றிய ஒரு சினிமா வந்தபோது, இந்த ஊருக்கென்று மட்டும் அந்த வார்த்தையே இல்லாமல் தனியாகச் சுவரொட்டி அடித்தார்கள்.