தென்னந்தோப்பு மருந்துகளும் வீட்டுப் பிராணிகளும்

செங்கோட்டைக்கு வடக்கே மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ளது பண்பொழி. திருமலைக் குமாரசுவாமி கோயிலின் குன்றிலிருந்து கீழே நோக்குவோருக்கு நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் காட்சியளிக்கும். இத்தோப்புகளில் காவலுக்கு ஒரு நாயும், எலி பிடிக்க ஒரு பூனையும், நாலைந்து கோழிகளும் இருப்பது வழக்கம். சம்பளமின்றி ஊழியம் செய்யும் இப்பிராணிகள், பயிரைக் காப்பதற்கென வைத்த பொருள்களையே தின்று மாண்டுபோவதுண்டு. சிறிது கவனம் செலுத்தினால் இந்த நஷ்டத்தை முற்றிலும் தவிர்க்கலாம். பூச்சியையும் எலியையும் அழைக்கும் வாசனை நாயையும் அழைக்கும் என்பதை மறவாதிருத்தலே இதில் முக்கியமான விஷயம்.

ஆமணக்குப் பிண்ணாக்குப் பானை

காண்டாமிருக வண்டு தென்னையின் விரியாத குருத்தைத் துளைத்துத் தின்பதால், பின்னர் விரியும் ஓலைகள் கத்தரியால் வெட்டியவைபோல் காணப்படும். இவ்வண்டைப் பிடிப்பதற்கு, 1 கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கை 5 லிட்டர் நீரில் ஊறவைத்து, சிறு மண்பானைகளில் ஊற்றித் தோப்பில் வைப்பது நெடுநாளாகச் சிபார்சு செய்யப்பட்டுவரும் முறையாகும். புளித்த வாசனையை நாடி வரும் வண்டுகள் நீரில் விழுந்து மடியும்.

ஆமணக்கு விதையில் ரைசின் என்னும் கொடிய விஷம் உண்டு. டோர்பாட் சர்வகலாசாலையில் ஸ்டில்மார்க் என்பவர் 1888-ம் வருஷம் இதனைப் பிரித்தறிந்தார். விதையை ஆட்டும்போது இவ்விஷம் எண்ணெயுடன் செல்வதில்லை, பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். நீரில் கரையும் தன்மையுள்ளதால் பானையிலுள்ள ஊறல் நீரும் விஷமே. பூச்சிமருந்துப் புட்டியின் லேபிளில் விஷத்தின் வேகத்தைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நிறங்களில் ஒரு குறி இருக்கும். எரு மூட்டையில் அத்தகைய குறி கிடையாது. ஆகவே பிண்ணாக்கை வெறும் எருவென எண்ணித் தாழ்வாரத்தில் திறந்து வைப்போர் பலர். எலும்புத் தூளுடன் கலந்து செடிக்கு இட்டால் நாய் மண்ணைத் தோண்டியும் தின்னும்.

இதனைத் தின்ற பிராணி உடனே நோயுறுவதில்லை. சில மணி நேரமோ, ஓரிரு நாட்களோ கழித்தே வாந்தியும் இரத்தம் கலந்த கழிச்சலும் தோன்றும். இவ்விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. ஆதலால் வருமுன் காப்பதே வழி. பானையைத் தரையில் வைக்காமல், நாய்க்கு எட்டாத உயரத்தில் கம்பத்தின் மீது பொருத்தவேண்டும். வண்டு நுழையும் அளவுக்குக் கண்ணுள்ள கம்பிவலையால் வாயை மூடுவது நலம். வண்டுகளைப் பொறுக்கிக் கோழிக்குப் போடலாகாது. உபயோகித்த கசடைக் குப்பையில் கொட்டாமல் ஆழக் குழிதோண்டிப் புதைக்கவேண்டும்.

அந்துருண்டை

இளந்தென்னையின் குருத்தையடுத்த மட்டை இடுக்குகளில் அந்துருண்டையை இட்டு மணலால் மூடுவது மற்றொரு முறை. உயரம் குறைந்த கன்றுகளிலிருந்து இவ்வுருண்டைகள் சாரல் காலத்துக் காற்றில் கீழே உதிரக்கூடும். இவற்றை விழுங்கிய நாயின் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். பூனைக்கு அபாயம் இன்னும் அதிகம். நாயும் குழந்தைகளும் நடமாடும் வீட்டுத் தோப்புகளில் இதற்குப் பதிலாக, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து, மரமொன்றுக்கு 150 கிராம் வீதம் உள் மட்டைகளின் இடுக்கில் இடுவதே உசிதம். வண்டின் புழுக்கள் எருக்குழியில் வளர்வதால், குழியை அடிக்கடி கிளறிப் புழுக்களை அழித்தால் மருந்தின் தேவையே குறையும்.

எலி மருந்து

துத்தநாக பாஸ்பைடு கலந்த இரையில் வறுத்த தானியமும் எண்ணெயும் சேர்வதால் நாயும் கோழியும் அதனை விரும்பித் தின்னும். வயிற்றிலுள்ள அமிலம் பட்டதும் பாஸ்பீன் என்னும் விஷவாயு கிளம்பும். அப்பிராணி வாந்தியெடுத்தால் அவ்வாயு மனிதர்க்கும் கெடுதி. ஆகவே அதனைக் காற்றோட்டமான இடத்தில் வைத்தே கவனிக்கவேண்டும்.

புரோமடையலோன் கட்டிகள் வேறு விதமானவை. இவை இரத்தம் உறையாமற் செய்பவை. தின்ற பிராணி மூன்று நான்கு நாட்கள் வரை சௌக்கியமாயிருப்பதுபோல் தோன்றி, பின்னர் சோர்ந்து, உள்ளுக்குள் இரத்தம் கசிந்து மடியும். இதற்கு வைட்டமின் கே1 என்னும் மாற்று மருந்து உண்டு. காலதாமதமின்றிக் கொடுத்தால் பிழைக்கும். தென்னையின் கொண்டையில் வைக்கவேண்டிய கட்டியைத் தரையில் போடலாகாது. செத்த எலிகளைத் தினமும் காலையில் பொறுக்கிப் புதைக்கவேண்டும். அவற்றைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் விஷம் ஏறும். எலியைத் தின்பவை ஒழிந்தால் எலியே பெருகும்.

பழைய மருந்துகள்

முன்னர் போரேட் குருணையைச் சிறு பைகளில் கட்டித் தென்னை மட்டை இடுக்கில் வைப்பதுண்டு. மத்திய சர்க்கார் 2018-ம் வருஷத்தில் பிறப்பித்த உத்தரவின்படி, 2020 டிசம்பர் 31 முதல் இம்மருந்து தடை செய்யப்பட்டுள்ளது. கொட்டகைகளில் மிச்சமிருக்கும் பொட்டலங்களை உபயோகிக்காமலும், கிணற்றிலோ ஓடையிலோ எறியாமலும், பூட்டி வைத்து வேளாண்மை இலாகா அதிகாரியிடம் தெரிவித்தல் வேண்டும்.

பிராணி விஷம் தின்றுவிட்டால்

உப்பு நீர், புளிக்கரைசல், எண்ணெய் முதலியவற்றை வலுக்கட்டாயமாக ஊற்றுவது தவறு. அவை நுரையீரலுள் புகுந்து, விஷத்தினும் முந்திப் பிராணியைக் கொன்றுவிடும். மருந்தின் புட்டியையோ பொட்டலத்தையோ உடன் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு விரைய வேண்டும். எதைத் தின்றது, எவ்வளவு, எப்பொழுது என்னும் மூன்றையும் வைத்தியரிடம் ஒளிக்காமல் கூறுதல் அவசியம். 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவித்தும் கால்நடை மருத்துவ உதவி பெறலாம்.

தோப்பில் எந்த மருந்தை வைக்கும் முன்னும் குடியானவர்கள் ஒன்றை யோசித்தல் வேண்டும்: இன்றிரவு இவ்வழியே முதலில் வரப்போவது வண்டா, தம் வீட்டு நாயா? அதற்கேற்ப இடத்தையும் உயரத்தையும் தீர்மானித்தால் மரமும் பிழைக்கும், மரத்தடியில் படுத்திருக்கும் காவலும் பிழைக்கும்.