ஃபெதர்ஸ்டன் தெருவில் ஒரு வீடு

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். விஷயம் கொஞ்சம் நீளம்.

"அவங்க தனியா, சுதந்திரமா வாழட்டும் சார், யார் வேண்டாம்னது? ஆனா அக்கம்பக்கத்துப் பாதுகாப்பையும் பாக்கணும் இல்லையா?" அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஊருக்குள் வீடு என்ற பேச்சு எழுந்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர்கள் பொல்லாதவர்கள் இல்லை. கேள்வியிலும் நியாயம் உண்டு. ஆனால் உண்மையான ஆபத்தை வைத்துக் கேட்கிறோமா, பயத்தை வைத்துக் கேட்கிறோமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து கிளிபர்ன் நகரத்தின் கதை நல்ல பாடம்.

1980 ஜூலையில் அங்கே ஃபெதர்ஸ்டன் தெருவில் ஒரு பெண்மணி வீடு வாங்கினார். நான்கு படுக்கையறை, இரண்டு குளியலறை. லேசான, நடுத்தர அளவு குறைபாடு உள்ள ஆண்களும் பெண்களுமாக 13 பேர் தங்குவதற்கு, ஓர் அமைப்பிடம் அதை வாடகைக்கு விடுவதாகத் திட்டம். பணியாளர்கள் எப்போதும் உடனிருப்பார்கள். நகராட்சி சிறப்பு அனுமதி கேட்டது. அந்த ஊர் விதியில் அந்த அனுமதி யாருக்கெல்லாம் தேவை தெரியுமா? மனநோயாளிகள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், குடிக்கும் போதைக்கும் அடிமையானவர்கள் ஆகியோருக்கான மருத்துவமனைகளுக்கும், சிறைகளுக்கும். அந்தப் பட்டியலில் இந்த வீட்டையும் சேர்த்தார்கள். விண்ணப்பம் போனது. நகர மன்றம் 3-க்கு 1 என்ற வாக்கில் மறுத்தது.

மன்றம் சொன்ன காரணங்களைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். வீட்டைச் சுற்றி 200 அடிக்குள் சொத்து வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இது பிடிக்கவில்லை. அங்குள்ள முதியவர்கள் பயப்படுகிறார்கள். இடம் 500 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளம் வரக்கூடிய பகுதி. 13 பேர் அதிகம். எதிரே பள்ளிக்கூடம் இருக்கிறது. பிள்ளைகள் இவர்களைச் சீண்டக்கூடும்.

கடைசிக் காரணத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சீண்டப்போவது பிள்ளைகள், வீடு கிடைக்காமல் போவது சீண்டப்படுகிறவர்களுக்கு! இத்தனைக்கும் அதே பள்ளியில் அறிவுசார் குறைபாடுள்ள மாணவர்கள் சுமார் 30 பேர் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தார்கள்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. முதலில் விசாரித்த நீதிமன்றமே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. அதே வீடு, அதே 13 பேர், குறைபாடு மட்டும் இல்லை என்றால் சிறப்பு அனுமதியே தேவைப்பட்டிருக்காது. ஒப்புக்கொண்ட பிறகும் நகராட்சி பக்கமே தீர்ப்பு சொன்னது, அது வேறு விஷயம். மேல்முறையீட்டில் அது மாறி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-ல் முடிவு சொன்னது. தீர்ப்பை எழுதிய நீதிபதி வைட் ஒவ்வொரு காரணத்தையும் எடுத்து ஒரே மாதிரி சோதித்தார். வெள்ளம் வருமா? முதியோர் இல்லத்துக்கும் மருத்துவமனைக்கும் அதே இடத்தில் தடையில்லையே. ஆள் அதிகமா? மாணவர் விடுதிக்கும் வாடகை விடுதிக்கும் யாரும் தலை எண்ணவில்லையே. மிச்சமிருந்தது அக்கம்பக்கத்தாரின் பயம். ஆதாரமில்லாத பயத்தைக் காரணமாக வைத்து அரசு ஒருவரை விலக்கக் கூடாது என்றது நீதிமன்றம். இந்த வீட்டுக்குச் சிறப்பு அனுமதி கேட்டதே செல்லாது என்பதில் ஒன்பது நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள்.

தீர்ப்பு முழுத் திருப்தி தருவதில்லை. விதியை அது மொத்தமாக ரத்து செய்யவில்லை, இந்த வீட்டளவில்தான் செல்லாது என்றது. நீதிபதி மார்ஷல் இதைக் கடிந்து தனியே எழுதினார். எனக்கும் அவர் பக்கம்தான் சரியென்று படுகிறது.

சரி, ஆபத்தே இல்லையா? இருக்கிறது. கேஸ் அடுப்பு, சாலை, பணத்தை ஏமாற்றிப் பிடுங்குகிறவர்கள். குற்றத்துக்கு இரையாகும் வாய்ப்பும் மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம். அதற்கெல்லாம் ஆளுக்கு ஆள் பார்த்துத் துணை தர வேண்டும். ஒருவர் தனியாகப் பேருந்தில் போவார், இன்னொருவருக்குக் கூட ஆள் வேண்டும். எந்த ஆபத்தும் நெருங்காமல் பொத்தி வைப்பதும் ஒருவரின் மானத்தைக் குறைப்பதுதான் என்று ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்கர் 1972-லேயே எழுதினார். பேருந்து மாறி ஏறிவிட்டுத் திரும்பி வருவது எல்லோருக்கும் நடக்கிறதுதானே?

யாராவது ஒருவர் உண்மையிலேயே அடுத்தவருக்கு ஆபத்தானவராக இருந்தால்? அமெரிக்காவின் வீட்டுவசதிச் சட்டத்தை 1988-ல் திருத்தியபோது அதற்கும் இடம் வைத்தார்கள். குறைபாட்டைக் காட்டி வீடு மறுக்கக் கூடாது. ஆனால் குறிப்பிட்ட ஒருவர் குடியிருப்பது பிறர் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ நேரடி அச்சுறுத்தல் என்றால் அவருக்கு வீடு தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சட்டம் 'ஒருவர்' என்றே பேசுகிறது. அவர் சேர்ந்த கூட்டம் அங்கே கணக்கில் இல்லை. பாதுகாப்பும் சுதந்திரமும் இடிக்காமல் நிற்க இதைவிடத் தெளிவான கோடு எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஐந்தாம் பிரிவில், சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையை அவர்களுக்குத் தருகிறது. நாளை உங்கள் அடுக்ககத்தில் இப்படி ஒரு வீடு வருகிறது என்று சங்கக் கூட்டம் போட்டால், வேறு யாராவது வந்தாலும் இதையே கேட்போமா என்ற கிளிபர்ன் சோதனையை நீங்களே வைத்துப் பாருங்கள். (நம் ஊரில் பேச்சிலர்களுக்கே வீடு கிடைப்பதில்லை, அதனால் அவர்களை உதாரணமாக எடுக்காதீர்கள்!) ஒரு சாதாரணக் குடும்பம் குடிவந்தால் என்னென்ன கேட்பீர்களோ, அதை மட்டும் இவர்களிடமும் கேளுங்கள்.