வீராம்பட்டினத்து ஒலிபெருக்கி

ரோமாபுரி வணிகர்களின் மதுச்சாடிகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட அரிக்கமேட்டுக்கு அருகில், புதுச்சேரிக் கடற்கரையில், வீராம்பட்டினம் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. 1998-ஆம் வருஷத்தை ஒட்டிய காலத்தில் அவ்வூரில் நாள்தோறும் ஓர் ஒலிபெருக்கி பேசத் தொடங்கியது. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் தேர்தலுக்குமே அதுவரை கட்டப்பட்டு வந்த அந்தச் சாதனம், மறுநாள் கடலில் அலை எவ்வளவு உயரம் எழும், காற்று எந்தத் திசையிலிருந்து வீசும் என்ற சமாச்சாரங்களைத் தமிழிலே, மீனவருக்குப் புரியும் பேச்சிலே, சொல்லிற்று. வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவர்கள் கேட்டார்கள்; அடுப்படியில் இருந்த பெண்களும் கேட்டார்கள். கடலுக்குப் போவதா வேண்டாமா என்று அதைக் கொண்டு வீட்டிலேயே தீர்மானிக்க முடிந்தது.

அந்தச் செய்தி வந்த வழி விசித்திரமானது. அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களின் உபயோகத்துக்காக உலகத்துச் சமுத்திரங்களின் அலையுயரத்தை முன்கூட்டிக் கணித்து இணையத்தில் எல்லோரும் காணும்படி வெளியிட்டு வந்தது. புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் அமைந்திருந்த, இந்த ஏற்பாட்டின் தலைமை நிலையத்தில் அதை எடுத்துத் தமிழாக்கினார்கள். தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாத அந்நாட்களில், அங்கிருந்து வானொலி அலை வழியாக வீராம்பட்டினத்துக் கணினிக்கு அது அனுப்பப்பட்டது. கணினியிலிருந்து ஒலிபெருக்கிக்கு வந்து, ஒலிபெருக்கியிலிருந்து மீனவன் காதில் விழுந்தது. அன்னிய நாட்டுக் கடற்படை, எம். எஸ். சுவாமிநாதன் 1988-இல் சென்னையில் ஸ்தாபித்த ஆராய்ச்சி நிறுவனம், அதற்குப் பொருளுதவி அளித்த கனடா தேசத்துச் சர்வதேச அபிவிருத்தி ஆராய்ச்சி மையம், அரசாங்கத்தின் இலாகாக்கள், ஊர்ப் பஞ்சாயத்து, கணினி பழகிய உள்ளூர் இளைஞரும் பெண்களும் என்று இத்தனை பேர் சேர்ந்தால்தான் ஒரு வாக்கியம் கரைக்கு வந்து சேரும் என்பதை எண்ணிப் பார்த்தால், தேசத்தின் டிஜிட்டல் அபிவிருத்திக்குப் பல துறைகள் கைகோக்க வேண்டும் என்று மாநாடுகளில் பேசப்படும் பேச்சின் உண்மையான பொருள் விளங்கும்.

இவர்களில் யார் முக்கியமானவர் என்று கேட்டால், பணம் கொடுத்தவரையும் அறிவு கொடுத்தவரையும் முதலில் சொல்வதே வழக்கம். ஊரைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் துணிபு. சுவாமிநாதன் நிறுவனத்தார் தகவல் கிராமத் திட்டம் என்ற அந்த முயற்சியைத் தொடங்கியபோது, கணினியைத் தானமாகக் கொண்டுபோய் எந்த ஊரிலும் இறக்கிவிடவில்லை. ஊரார் கேட்டு வரவேண்டும். நிலையத்துக்கு ஓர் இடத்தை வாடகையின்றி ஒதுக்க வேண்டும். அதை நடத்தத் தொண்டர்களைத் தம்மிடையே தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தச் சாதியாராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், அங்கே வந்து விஷயம் கேட்டுப் போக எவ்விதத் தடையும் இராது என்று ஊர் சம்மதிக்க வேண்டும். இயந்திரத்துக்கும் பயிற்சிக்கும் தொடர்புக்கும் நிறுவனம் பொறுப்பு. மின்சாரம் அடிக்கடி நின்றுபோன காலமாதலால், சூரிய ஒளித் தகடுகளும் அதன் பொறுப்பிலேயே வந்து சேர்ந்தன.

இந்த நிபந்தனைகளைச் சாமானியமாக எண்ணிவிடக் கூடாது. ஒரு பெரிய மனிதர் வீட்டுத் திண்ணையில் வைத்த கணினி சில மாதங்களில் அந்த வீட்டுச் சொத்தாகவே மாறிவிடும். சேரியிலிருந்து வரும் பெண் அந்தப் படியை மிதிக்கத் தயங்குவாள். அவள் தயங்கியதை எந்தக் கணக்கும் எழுதி வைக்காது. பொது இடம் என்ற நிபந்தனை இந்தத் தயக்கத்தை நேராகவே குறி வைத்தது. ஏம்பலம் கிராமத்தில் நிலையம் கோயிலுக்குச் சொந்தமான இடத்தில் அமைந்தது. பெண்களே அதை நடத்தினார்கள். ஒரு கணினி வந்ததன் காரணமாக ஊரின் இத்தகைய கதவு திறந்தது என்றால், அந்த நிலையத்தில் வேறெந்தச் சேவையும் நடக்காமலே போயிருந்தாலும் அதன் செலவு வீணானது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சேவைகள் நடந்தன. நெல் விலை, அரசாங்க உதவித் திட்டங்கள், அவற்றுக்குத் தகுதியான குடும்பங்களின் பட்டியல், மருத்துவ விவரங்கள் யாவும் அங்கே கிடைத்தன. 'நம்ம ஊரு செய்தி' என்ற பத்திரிகையும் வெளிவந்தது. தன் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது ஏழைக்குத் தெரிந்துவிட்ட பிறகு, உத்தியோகஸ்தருக்கும் அவனுக்கும் இடையிலான சம்பாஷணை பழையபடி இருக்க முடியாது.

அந்தக் கடற்கரையிலேயே உள்ள நல்லவாடு என்ற ஊரில் 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் வேலை செய்துவந்த அவ்வூர்க்காரர் ஒருவர், அங்கிருந்த தகவல் நிலையத்தில் முன்பு தொண்டராக இருந்தவர், தொலைக்காட்சியில் சுனாமியைக் கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் நீர் வீட்டுக்குள் கசிவதாக வீட்டார் சொன்னதும், உடனே ஊரைவிட்டு வெளியேறுங்கள், எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றார். ஊரார் பூட்டியிருந்த நிலையத்தின் கதவை உடைத்து உள்ளே புகுந்து, அலையுயரம் அறிவிக்கும் அதே ஒலிபெருக்கியில் எச்சரிக்கை விடுத்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. மூவாயிரத்துக்கும் அதிகமான அவ்வூர் ஜனங்கள் உயிர் தப்பினார்கள். யாரிடம் அனுமதி கேட்பது என்று அந்தக் காலையில் ஒருவரும் யோசிக்கவில்லை. நிலையம் தங்களுடையது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

புதுச்சேரியின் அனுபவம் தேசத்துக்கே பரவ வேண்டும் என்ற ஆர்வம் அதே வருஷத்தில் எழுந்தது. சுதந்திரத்தின் அறுபதாம் ஆண்டு நிறைவான 2007 ஆகஸ்டு 15-க்குள் இந்தியாவின் ஆறு லட்சம் கிராமங்களிலும் அறிவு நிலையம் அமைப்பது என்று சங்கற்பம் செய்துகொண்டு, தொண்டு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் கம்பெனிகளும் ஒரு தேசியக் கூட்டணியில் சேர்ந்தன. மத்திய அரசும் அதற்கு ஆதரவு தந்தது. குறித்த நாள் வந்தபோது ஆறு லட்சம் என்ற இலக்கு எட்டப்படவில்லை. ஆயினும் அந்த எழுச்சியின் ஊடே 2006-இல் மத்திய அரசு பொதுச் சேவை மையத் திட்டத்துக்கு அனுமதி அளித்தது: அரசும் தனியாரும் சேர்ந்து, ஆறு கிராமங்களுக்கு ஒன்று என்ற கணக்கில், ஒரு லட்சம் மையங்கள். அங்கே தொண்டருக்குப் பதிலாக உள்ளூர்த் தொழில்முனைவர் வந்து அமர்ந்தார்; சேவைக்குக் கட்டணம் வாங்கினார். இன்று தமிழ்நாட்டில் சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் நாம் போய் நிற்கும் இ-சேவை மையம் அந்த மரபில் வந்ததுதான்.

தொண்டு மேலா, தொழில் மேலா என்ற கேள்விக்கு மதுரைக்கு அருகிலுள்ள மேலூர் வட்டாரம் கசப்பான ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய சகாக்களும், உள்நாட்டுக் கம்பெனி ஒன்றோடும் அமெரிக்கக் கம்பெனி ஒன்றோடும் சேர்ந்து, கம்பியில்லாமல் கிராமத்துக்குத் தொலைபேசியும் இணையமும் கொண்டுசெல்லும் 'கார்டெக்ட்' என்ற சாதனத்தை உருவாக்கினார்கள். என்-லோக் என்ற நிறுவனம் அதைக் கொண்டு 2001-இலிருந்து மேலூர்க் கிராமங்களில் இணைய நிலையங்களைத் திறக்க, ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகிய பல்கலைக்கழகத்தாரும் வந்து சேர்ந்தனர். உள்ளூர்க்காரர் கடன் வாங்கியேனும் முதல் போட்டுத் தம் நிலையத்துக்கு உடையவரானார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, கணினிக் காமிரா வழியாக வந்த கண்களின் படத்தைப் பார்த்து ஆலோசனை சொல்லிற்று. நோய் கண்ட பயிரின் படம் வேளாண் கல்லூரிக்குப் போயிற்று. தாலுகா அலுவலகத்துக்குப் பலமுறை நடந்து வாங்க வேண்டிய சான்றிதழ்களுக்கு மின்னஞ்சலில் மனுப் போட முடிந்தது. அப்படிச் சான்று பெறுவோர் தொகையும் உயர்ந்தது.

பிறகு ஆர்வமுள்ள உத்தியோகஸ்தர்கள் மாற்றலாகிப் போனார்கள். வந்தவர்களுக்கு மின்னஞ்சல் மனு ஒரு வேண்டாத வேலையாகப் பட்டது. மனுவுக்குப் பதில் வரவில்லை. பதில் வராத மனுவைப் போட யார் காசு கொடுப்பார்கள்? சேவை ஓராண்டுக்குள் நின்றது. அதோடு வருமானம் குன்ற, பழுதைச் சீர்செய்ய ஆளில்லாமல் போக, சில வருஷங்களுக்குள் பெரும்பாலான நிலையங்கள் மூடப்பட்டன. இயந்திரத்தின் குற்றமென்றோ கிராமத்தாரின் அசிரத்தையென்றோ இதைத் தள்ளிவிட முடியாது. கூட்டாளிகளில் பலமானவராகிய அரசாங்கம் ஒரு மனிதரின் நல்லெண்ணம் என்ற உருவத்தில் மட்டுமே அங்கே சேர்ந்திருந்தது. அவர் கிளம்பியபோது அரசாங்கமும் கிளம்பிவிட்டது. முதல் போட்டவருக்கு மட்டும் மாற்றல் கிடையாது. அவர் கடனோடு அவ்வூரிலேயே இருந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

நீடித்து நின்ற கூட்டுறவுகளில் பொறுப்புகள் ஆளோடு போகாமல் ஸ்தாபனத்தோடு ஒட்டியிருப்பதைக் காண்கிறோம். வீராம்பட்டினத்தின் வாரிசு என்று சொல்லத்தக்க 'மீனவ நண்பன்' கைபேசிச் செயலியை எடுத்துக்கொள்வோம். அலையும் காற்றும் மீன் கூடும் இடமும் பற்றிய கணிப்பு ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்திலிருந்து வருகிறது. அதை வெளியிடுவது அந்த மையத்துக்கு உரிய கடமை, எவருடைய தயவும் அன்று. குவால்காம் கம்பெனி தொழில்நுட்பத்துக்குத் துணை நின்றது. மீனவர் மொழிக்கும் தேவைக்கும் அதைப் பொருத்துகிறவர்கள் சுவாமிநாதன் நிறுவனத்தார். இலங்கைக் கடல் எல்லையை நெருங்கும் படகுக்கு அது எச்சரிக்கை தருகிறது என்பது, எல்லை தாண்டிச் சிறைப்பட்ட கணவனுக்காகக் காத்திருந்த குடும்பங்கள் உள்ள கரையில், எத்தனை பெரிய உபகாரம்!

இப்போது பாரத்நெட் என்ற கண்ணாடி இழைக் கம்பி ஊர்தோறும் வந்துகொண்டிருக்கிறது. 2011-இல் வேறு பெயரில் தொடங்கி, நாட்டின் இரண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளை இணைக்க நினைத்த திட்டம் அது. தமிழ்நாட்டில் 12,525 பஞ்சாயத்துகள் அதன் கணக்கில் உள்ளன. கம்பியைப் பதிப்பவர் ஒருவர், கருவியைப் பொருத்துபவர் ஒருவர், சேவையை விற்பவர் இன்னொருவர் என்று பலர் சேர்ந்த வேலையாதலால், அது பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு பெட்டியோடு முடிந்துவிடக் கூடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. எனக்குத் தோன்றும் உபாயம் சிறியது. கம்பி அறுந்தால் சரிசெய்வது யார், எத்தனை நாளில், பெட்டி இருக்கும் அறையின் சாவி யாரிடம், மின்கட்டணம் யாருடையது, சேரிப் பிள்ளைகள் படிக்க வரும் நேரம் எது என்ற ஐந்தாறு விஷயங்களையும் தமிழில் ஒரே தாளில் எழுதி, சம்பந்தப்பட்ட இலாகாவும் கம்பெனியும் பஞ்சாயத்தும் அதில் கையெழுத்திட்டு, ஆகஸ்டு 15-ஆம் தேதி கூடும் கிராம சபையில் ஊரார் முன் உரக்க வாசிக்க வேண்டும். அடுத்த கூட்டமான அக்டோபர் 2-இல் அதே தாளை எடுத்து, சொன்னது நடந்ததா என்று ஊரார் கேட்கலாம்.