வீட்டுப் பூனைக்கு விளையாட்டுப் பொருள்கள்



நம் ஊர்களில் பூனை வளர்ப்பது ஒரு தனி வேலையாக இருந்ததில்லை. பூனை தானாகவே வளர்ந்தது. ஓட்டுக் கூரையில் அணில், புழக்கடையில் எலி, தாழ்வாரத்தில் பல்லி, இரவெல்லாம் உலாவி வர மதிற்சுவர் என்று, அதற்கு வேண்டிய வேட்டையும் விளையாட்டும் வீட்டைச் சுற்றியே கிடைத்தன. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் நம்மவர் வீட்டுப் பூனையின் நிலை வேறு. இரண்டு அறைகளும் ஒரு சன்னலுமே அதன் உலகம். வேளை தவறாமல் உணவு கிடைக்கிறது. செய்வதற்குத்தான் வேலை இல்லை. ஆகவே அது திரைச்சீலையைக் கிழிக்கிறது. நடப்பவர் காலைப் பாய்ந்து கவ்வுகிறது. நள்ளிரவில் கதவைப் பிறாண்டுகிறது. அதனைச் சேட்டை என்று நாம் அதட்டுகிறோம். உண்மையில், வேட்டைக் குணம் போக்கிடம் இல்லாமல் தவிப்பதன் விளைவே அது.

வீட்டுப் பூனை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனையின் வழித்தோன்றல். சைப்ரஸ் தீவில் மனிதன் ஒருவனின் கல்லறைக்கு அருகே, ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூடு கிடைத்த செய்தியை 2004-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். இத்துணைக் காலம் நம்மோடு வாழ்ந்தும் அதன் வேட்டை முறை மாறவில்லை. பதுங்குதல், துரத்துதல், பாய்தல், பற்றுதல், கடித்தல் என்னும் வரிசையே அதன் விளையாட்டிலும் காணப்படுகிறது. எனவே, எலியளவு சிறிதாகவும், தொட்டால் உருண்டோடுவதாகவும், மெல்லச் சலசலப்பதாகவும் உள்ள பொருளே பூனைக்கு நல்ல விளையாட்டுப் பொருள். விலைக்கும் இந்தக் குணங்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இவற்றை வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே செய்துவிடலாம்.

முதலாவது, காகிதப் பந்து. சற்று முறுமுறுப்பான பழுப்புக் காகிதத்தை எலுமிச்சம்பழ அளவில் கசக்கி உருட்டி எறிந்தால் போதும். அது ஒழுங்கான உருண்டையாக இல்லாததே நன்மை. எப்பக்கம் ஓடும் என்று பூனைக்குத் தெரியாது.

இரண்டாவது, துணி எலி. குழந்தையின் பழைய காலுறைக்குள் துணித் துண்டுகளையும் சிறிது கசக்கிய காகிதத்தையும் திணித்து, வாயை நெருக்கமாகத் தைத்துவிட வேண்டும். பூனை இதனை முன்கால்களால் அணைத்துப் பின்கால்களால் உதைக்கும். நம் கைக்குக் கிடைத்த கீறல்கள் இனி இதற்குக் கிடைக்கும்.

மூன்றாவது, பல்லாங்குழி. முட்டை அடுக்கிவரும் அட்டைத் தட்டின் குழிகளில் பூனைத் தீனியைச் சில மணிகளாக இட்டு, மேலே காகித உருண்டைகளை வைத்து மூடுக. பூனை காலை விட்டுத் துழாவி எடுத்துத் தின்னும். வட்டிலில் இரண்டு நிமிடத்தில் தீரும் உணவு இங்கே நெடுநேரம் நீடிக்கும்.

நான்காவது, சாமான் வந்த அட்டைப் பெட்டி. அதன் பக்கங்களில் கால் நுழையும் அளவு துளைகளை வெட்டினால், அது பதுங்குமிடமும் ஆகும், விளையாட்டுப் பொருளும் ஆகும். பழைய சணல் சாக்கை மேசைக் காலில் இறுகச் சுற்றித் தைத்துவிட்டால் நகம் தீட்ட இடமாயிற்று. நாற்காலி மெத்தை தப்பும்.

குப்பைமேனிச் செடியை நம் முன்னோர் பூனைவணங்கி என்றும் அழைத்தனர். புதிதாகப் பறித்த அதன் வேரின் மணத்தில் மயங்கிப் பல பூனைகள் முகத்தைத் தேய்த்துப் புரளும். காலி மனைகளில் களையாக முளைக்கும் இச்செடியின் வேரைத் துணியில் முடிந்து சற்று நேரம் முகரவிடலாம், தின்ன விடலாகாது.

இனி, எச்சரிக்கை ஒன்று. வெளி மாநில நகரொன்றில் நாம் குடியிருந்த காலத்தில், சரத்திலிருந்து வாடிய மல்லிகையை உதிர்த்துவிட்டு, மிஞ்சிய நூலைப் பூனைக்கு விளையாடப் போட்டோம். அது துள்ளி விளையாடியதைக் கண்டு மகிழ்ந்து நம் வேலையைப் பார்க்கச் சென்றோம். மறுநாள் பூனை உணவைத் தொடவில்லை. ஓயாமல் வாந்தி எடுத்தது. கால்நடை மருத்துவர் வயிற்றைக் கீறி அந்த நூலை எடுத்தார். பூனையின் நாவிலுள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. நாவில் சிக்கிய நூலை அதனால் எளிதில் துப்ப இயலாது. உள்ளே சென்ற நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். ஆகையால் நூல், ரப்பர் வளையம், சரிகை, நெகிழிப் பைத் துண்டு ஆகியவை வேண்டா. கழியில் துணிப் பட்டையைக் கட்டி ஆட்டுவதாயின், நாம் உடனிருந்து ஆட்டி, முடிந்ததும் அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். வாயிலிருந்தோ பின்புறத்திலிருந்தோ நூல் தொங்கினால் பிடித்து இழுக்கலாகாது. உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

விளையாட்டுப் பொருளைச் செய்தால் மட்டும் போதாது. நாமும் சேர்ந்து விளையாட வேண்டும். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் 5 முதல் 10 நிமிடம் வளர்ப்போர் உடன் விளையாடியபோது, பூனைகள் பிடித்து வீட்டுக்குக் கொணர்ந்த இரை நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அந்தி வேளை இதற்கு ஏற்றது. பூனையின் இயல்பான வேட்டை நேரம் அதுவே. பொருளை அதன் முகத்தெதிரே ஆட்டாமல், அஞ்சி ஓடும் எலியைப்போல் அதனிடமிருந்து விலகிச் செல்லுமாறு இழுக்க வேண்டும். இடையிடையே அது பற்றிக்கொள்ளவும் இடம் தர வேண்டும். இறுதியில் இரவு உணவை வைத்தால் வேட்டை நிறைவுறும். உண்டு, உடலை நக்கிவிட்டுப் பூனை உறங்கும். நமக்கும் நள்ளிரவில் உறக்கம் கெடாது.

ஒரே பொருள் பூனைக்கு விரைவில் சலித்துவிடும். எனவே இரண்டை வெளியே வைத்து, ஏனையவற்றை மறைத்து, சில நாளுக்கொருமுறை மாற்றுக. காகிதத்தைக் கசக்குவதையும் பெட்டியில் துளையின் இடத்தைக் குறிப்பதையும் வீட்டுக் குழந்தைகளிடம் விட்டுவிடலாம். கத்தரிக்கோலும் ஊசியும் மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் ஊசியையும் நூலையும் எண்ணி எடுத்து வைக்க மறவாதீர்கள்.